ஒரு மில்லிமீட்டர் தசைக்குப் பத்து அறுவைச் சிகிச்சை

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு கூட்டும் பன்னாட்டுத் திசுப் பொறியியல் சங்கமான ‘டெர்மிஸ்’, 2018 செப்டம்பரில் ஜப்பானின் கியோட்டோவில் கூடியது. மாநாடு தொடங்கிய நாளிலேயே ஜெபி புயல் கரையேறி, கன்சாய் விமான நிலையத்துக்குள் கடல் புகுந்துவிட்டது. சகுனம் எப்படியோ, இந்தத் துறைக்குக் கியோட்டோவைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய ‘ஐபிஎஸ்’ செல்லாக்க முடியும் என்று 2006இல் எலியிலும் மறு ஆண்டு மனிதரிலும் காட்டி, 2012இல் நோபல் பரிசு பெற்ற ஷின்யா யமனாகா கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர்.

செல் கிடைத்துவிட்டது. அதைத் திசுவாக்குவதுதான் பெரும்பாடு. ஆய்வகத் தட்டில் வளர்ந்த செல்களை எடுக்க வழக்கமாக ஒரு நொதியை ஊற்றுவார்கள். செல்களைப் பிணைத்திருக்கும் புரதங்களை அது அரித்துவிடும். செல்கள் தனித்தனியாக உதிர்ந்துவிடும். தோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தெருவோ ஒகானோ தட்டையே மாற்றினார். வெப்பத்துக்கேற்பக் குணம் மாறும் ஒரு பாலிமரை அதன்மேல் பூசினார். 37 டிகிரியில் செல்கள் ஒட்டி வளரும். சூட்டை 32 டிகிரிக்குக் கீழே இறக்கினால் பாலிமர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, செல்கள் பிணைப்பு விட்டுப் போகாமல் பாலாடைபோல ஒரே ஏடாகக் கழன்று வரும். மருந்து இல்லை, கத்தி இல்லை. இவ்வளவு எளிய யோசனைகளை அறிவியலில் அடிக்கடி பார்க்க முடியாது.

இதயச் செல் ஏடுகளை அடுக்கினால் இதயத் தசை ஆகிவிடாதா? அங்கேதான் ரத்தம் குறுக்கே நிற்கிறது. ரத்தக் குழாய் அருகில் இல்லாத செல்லுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. மூன்று ஏடுகளுக்குமேல் ஒரேயடியாக வைத்தால் நடுவிலுள்ளவை செத்துவிடும். அதனால் ஒகானோ குழுவினர் எலிக்குள் மூன்று ஏடு வைத்து, அதில் ரத்தக் குழாய் முளைத்த பிறகு அதன்மேல் இன்னும் மூன்று என்று பத்து முறை அறுவை செய்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்த தசையின் தடிமன் சுமார் 1 மி.மீ. மனித இதயத்தின் இடதுபக்கச் சுவரோ 10 மி.மீ. அளவு. தோல், கருவிழி, சிறுநீர்ப்பை போன்ற மெல்லியவற்றில் இத்துறை சாதித்ததும், கல்லீரல், சிறுநீரகத்தில் தடுமாறுவதும் இதனால்தான்.

அறிவியல் நிதானமாக நடக்க, சட்டம் ஓடியது. ஆதாரம் முழுமையாகச் சேருமுன்பே இத்தகைய சிகிச்சைகளுக்கு நிபந்தனையுடன் அனுமதி தர 2014இல் ஜப்பான் வழி திறந்தது. நோயாளியின் தொடைத் தசைச் செல்லில் செய்து, பழுதான இதயத்தின்மேல் ஒட்டும் ‘ஹார்ட்ஷீட்’ 2015இல் அப்படித்தான் அனுமதி பெற்றது. பலன் நிரூபணமாகவில்லை என்று 2024இல் அரசின் நிபுணர் குழு சொல்ல, விற்பனை நின்றது. முதலில் விற்பனை, பிறகு நிரூபணம் என்பது நோயாளியின் தலையில் கட்டும் கணக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் தவறிய சிகிச்சையை ஜப்பான் வெளிப்படையாக நிறுத்தியது.

நம் ஊரிலோ மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை, ஐபிஎஸ் போலப் பிற செல்லாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லால் குணமாகும் என்று விளம்பரங்கள் வருகின்றன. சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றைத் தவிர, மற்றவற்றை ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். யாராவது பணம் கேட்டால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் ஆய்வுக்குள்ள பதிவு எண்ணை முதலில் கேளுங்கள். எண் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.