ஒரு பக்கம் மட்டும் பாடும் டூ-இன்-ஒன்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. ரேடியோவையும் கேசட்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய ஸ்டீரியோ டூ-இன்-ஒன்கள் 1980-களில் உலகெங்கும் பரவின. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வாங்கிவந்த பெட்டிகள் தமிழ்நாட்டு வீடுகளின் பரண்களில் இன்றும் கிடக்கின்றன.

இவற்றில் பெல்ட் இளகிப்போனால் கண்ணிலேயே தெரியும், மாற்றிவிடலாம். வந்து வந்து போகும் கோளாறுகள்தான் படுத்தி எடுப்பவை. ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென அடங்கும், தட்டினால் பாடும், சூடானதும் மறுபடி நின்றுவிடும். உடனே ஐசியைக் குற்றம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது வீண்பழி.

ரேடியோ, கேசட் இரண்டிலும் அதே பக்கம் அடங்கினால் குறை வால்யூம் கண்ட்ரோல், ஆம்ப்ளிஃபயர், ஹெட்போன் ஜாக், ஸ்பீக்கர் ஆகிய பொதுப் பகுதியில் இருக்கிறது. கேசட்டில் மட்டும் என்றால் ஹெட்டிலோ ரெக்கார்ட்-ப்ளே சுவிட்சிலோ தேட வேண்டும்.

அந்தச் சுவிட்ச்தான் பல பெட்டிகளில் உண்மையான குற்றவாளி. போர்டில் நீளமாகப் படுத்திருக்கும் அதற்குள் வரிசையாகப் பல காண்டாக்ட்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் அவை கறுத்துப்போகும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சுவிட்சின் இடுக்குகளில் காண்டாக்ட் கிளீனர் அடித்து, ரெக்கார்ட் பட்டனைப் பலமுறை அழுத்தி விட வேண்டும். கேசட் இல்லாதபோது அந்தப் பட்டன் இறங்காது. கேசட் அறையின் பின்பக்கம் உள்ள சிறு நாக்கை விரலால் தள்ளிப் பிடித்தால் இறங்கும். ஹெட்போன் ஜாக்கின் உள் காண்டாக்ட் கறுத்தாலும் ஸ்பீக்கர் ஊமையாகும். பிளக்கைச் சில தடவை செருகி எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

தட்டினால் பாடுவது டிரை சோல்டரின், அதாவது பிடிப்பு விட்ட ஈய இணைப்பின், அறிகுறி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர், ஜாக், சூடாகும் ஐசி ஆகியவற்றின் கால்களைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே நல்லது. சூட்டில் நிற்கும் பெட்டிக்குக் குளிர்விக்கும் ஸ்ப்ரே உதவும். ஒவ்வொரு பாகமாகக் குளிரவைக்கும்போது எங்கே சத்தம் திரும்புகிறதோ அங்கே, அல்லது அதை ஒட்டிய இணைப்பில், குறை இருக்கிறது.

மெயின்ஸில் இரைச்சல், பேட்டரியில் இல்லை என்றால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர் சந்தேகத்துக்குரியது. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் உள்ளே உலர்ந்துபோகும். சாதாரண மீட்டரில் அளவு சரியாகக் காட்டினாலும் உள் மின்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டரில் குட்டு வெளிப்படும். புதியது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உடையதாக, பிளஸ்-மைனஸ் மாறாமல் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பெட்டியை மூடி, ஒரு மணி நேரமாவது பாடவிட்டுப் பார்க்க வேண்டும். சூட்டில் வரும் கோளாறு திறந்த பெட்டியில் தலைகாட்டாமல் போகக்கூடும்.