சோறு இறங்காமல் கஞ்சிக்கு மாறும் பெரியவர்கள்! தைராய்டு கோளாறாக இருக்கலாம், உஷார்!

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து வீடுகளில் வயசானவர்கள் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறினால், "பல்லு போச்சு, வயசாச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கஞ்சிக்குப் பின்னால் தைராய்டு நோய் ஒளிந்திருக்கலாம்!

எப்படி அடைக்கிறது?

கழுத்தின் முன்பக்கம், மூச்சுக் குழாயை ஒட்டி, பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது தைராய்டு சுரப்பி. மூச்சுக் குழாய்க்குப் பின்னால் உணவுக் குழாய். சுரப்பி வீங்கிக் கழலையானால் இரண்டு குழாயையும் நெருக்கும். முதலில் சோறு, இட்லி, கறித்துண்டு சிக்கும். கஞ்சி மட்டும் இறங்கும். பெரியவர்களும் யாரிடமும் சொல்லாமல் அதோடு நாளை ஓட்டுவார்கள். உடம்பு கரையும். அடிக்கடி புரை ஏறி, சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

சிலருக்குக் கழலை நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி வளரும். வெளியே வீக்கம் தெரியாது.

மீன் சாப்பிட்டால் வராதா?

"தினம் கடல் மீன் திங்கிறோம், நமக்கு ஏது கழலை?" என்று நினைக்காதீர்கள். மீனில் அயோடின் இருப்பது நிஜம். அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006-ல் மத்திய அரசு தடையும் போட்டது. ஆனால் அயோடின் குறைவு மட்டுமே காரணமல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும், கட்டிகளாலும் வீக்கம் வரும். பெண்களுக்கு அதிகம்.

கண்ணாடி சோதனை

கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றே நிமிர்த்தி, ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே ஏதாவது வீக்கம் ஏறி இறங்குகிறதா? டாக்டரிடம் காட்டுங்கள். வீக்கம் இல்லாவிட்டாலும் அடைப்பு இருந்தால் காட்டத்தான் வேண்டும். பக்கவாதத்திலும், உணவுக் குழாய் புற்றுநோயிலும் இதே தொல்லை வரும். எச்சில்கூட இறங்கவில்லை, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் பழைய ஆட்கள் வைத்த பெயர் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. 1780-களின் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்தது அது. கஞ்சியோடு நாளை ஓட்டுகிற பெரியவர்களை முதலில் அங்கே அழைத்துப் போகலாம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சுரப்பு குறைவுக்கு மாத்திரை உண்டு. குழாயை நெருக்கும் பெரிய கழலைக்கு ஆபரேஷன் செய்வார்கள். சுரப்பு குறைவு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். அரைமணி கழித்துத்தான் டீ!

அப்பாவோ அம்மாவோ கஞ்சி கேட்டால் ஊற்றிக் கொடுங்கள். கூடவே, "ஏன், சோறு இறங்கலியா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.