ஜப்பானில் பிறக்காமல் போன நாலரை லட்சம் குழந்தைகள்! தெரியுமா?

பரப்பளவில் உலகத்திலேயே பெரிய நாடு ரஷ்யா. வங்கதேசமோ நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இரண்டில் எங்கே மக்கள் அதிகம், தெரியுமா? வங்கதேசத்தில்! நிலத்தில் 100 மடங்குக்கு மேல் பெரிய ரஷ்யாவில் 15 கோடிப் பேர்கூட இல்லை. வங்கதேசத்தில் 16 கோடியைத் தாண்டிவிட்டது.

எகிப்து இன்னும் ஆச்சரியம். மொத்தப் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் சதுர கிலோமீட்டருக்கு 100 பேருக்குச் சற்றுக் கூடுதல். விசாலமாக வாழலாம்போல் தோன்றும். ஆனால் 100க்கு 95 பேர் நைல் கரையிலும் அதன் கழிமுகத்திலுமாக, நாட்டின் 5 சதவீத நிலத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அங்கே அடர்த்தி 2,000 வரை போகிறது. மீதியெல்லாம் பாலைவனம்! சராசரி அடர்த்தியை மட்டும் பார்த்து ஒரு நாட்டை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சீனாவில் ஹு ஹுவான்யோங் என்ற புவியியல் அறிஞர் 1935ல் வரைபடத்தின் குறுக்கே, வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு ஒரே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கிழக்கே 100க்கு 96 பேர்! அதன்பிறகு போர், புரட்சி, புதுப்புது நகரங்கள் எல்லாம் வந்துவிட்டன. இன்றும் 100க்கு 90 பேருக்கு மேல் கோட்டுக்குக் கிழக்கேதான்.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். 1965ல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 18.2 லட்சம். 1966ல் 13.6 லட்சம். 1967ல் 19 லட்சத்துக்கு மேல். நடுவில் ஒரே ஒரு வருடம் மட்டும் ஏன் இந்தப் பள்ளம்? போரா, பஞ்சமா, கொள்ளைநோயா? எதுவுமே இல்லை. அது நெருப்புக் குதிரை ஆண்டு! நமக்கு இருப்பதுபோலவே அவர்களுக்கும் 60 ஆண்டுச் சுழற்சி உண்டு. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண்ணுக்கு முரட்டுக் குணம், கட்டியவனுக்கு ஆயுசு குறைவு என்று ஒரு நம்பிக்கை. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று இங்கே வரன்களைத் தட்டிக் கழித்தார்களே, அதே கொடுமைதான். புல்லட் ரயில் ஓடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்த நாட்டில், பெண் பிறந்துவிட்டால் அவள் கல்யாணம் என்னாவது என்ற பயத்தில் லட்சக்கணக்கான தம்பதிகள் குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள்! ஜப்பானின் மக்கள்தொகைப் பிரமிடை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கத்தியால் கீறியதுபோல் ஒரு வெட்டு தெரியும். அந்தத் தலைமுறையோடு சேர்ந்து அந்த வெட்டுக்கும் வருடா வருடம் வயது ஏறுகிறது. நெருப்புக் குதிரை மறுபடி வரும் ஆண்டு 2026.

சரி, ஒரு நாட்டின் மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும் என்கிறார்கள். அம்மா அப்பாவுக்குப் பதில் இரண்டு, சரி. அந்த 0.1 எதற்கு? உலகெங்கும் 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கிறது. பிறந்த பெண்களிலும் சிலர் தாயாகும் வயதுவரை இருப்பதில்லை. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 0.1. ஆண் பிறப்பு எப்போதும் ஒரு படி கூடுதல் என்பதை எண்களால் காட்டியவர் லண்டன் துணிமணி வியாபாரி ஜான் கிரான்ட். தேவாலயங்களின் பிறப்பு இறப்புப் பட்டியல்களைத் தோண்டித் துருவி 1662லேயே புத்தகம் போட்டுவிட்டார்! 2.1 வேண்டிய இடத்தில், தென்கொரியாவில் 2023ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தைதான்.

இன்னொரு புதிர். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பார்த்தால், நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ஜப்பானில் 12க்கு மேல். இந்தியாவில் சுமார் 6 அல்லது 7! அங்கே முதியவர்கள் அதிகம், இங்கே இளவட்டங்கள் அதிகம். அவ்வளவுதான் ரகசியம்.

அந்த இளவட்டங்கள்தான் நம் கணக்கையே புரட்டிப் போடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியப் பெண்ணுக்குச் சராசரி 2.0 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. இரண்டுமே 2.1க்குக் கீழே. அப்படியானால் நாட்டின் மக்கள்தொகை உடனே குறைய வேண்டாமா? குறையாது! முந்தைய பத்தாண்டுகளில் பிறந்த கோடிக்கணக்கானவர்கள் இப்போதுதான் தாயாகவும் தந்தையாகவும் ஆகிறார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலே போதும், பிறப்பு இறப்பை மிஞ்சிவிடும். இதற்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர். ஐ.நா. 2024ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்த ஏறுமுகம் 2060களின் தொடக்கத்தில்தான் நிற்கும். அப்போது இந்தியாவில் சுமார் 170 கோடிப் பேர் இருப்பார்கள்!