வலி குறைந்தால் மட்டும் போதாது

விபத்தில் விழுந்தவர்கள், எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்-ரே காட்டியதும் நிம்மதி அடைகின்றனர். ஆனால், எக்ஸ்-ரேயில் நரம்பு தெரிவதில்லை. முதுகுத் தண்டிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி ஒரு நரம்பை அழுத்தினால், அந்த நரம்பு செல்லும் வழியெங்கும் வலியும் மரமரப்பும் பரவும்.

இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சையின்றியே சில வாரங்களில் வலி தணிந்துவிடும். நாள்கணக்கில் படுத்தே கிடப்பதைவிட, வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடுவதும், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளும் பலன் தரும். பரிசோதனைக்கு முன்பே அடிபட்ட இடத்தை அழுத்தித் தேய்ப்பதும், சுளுக்கு எடுப்பதும் தீங்காகலாம்.

அதேவேளையில், வலி வேறு, வலுவிழப்பு வேறு. நரம்பு நலிவடையும்போது வலி குறைவதும் உண்டு. எனவே, வலி தணிந்த பிறகும் பாதத்தைத் தூக்க முடிகிறதா, கைப்பிடி தளராமல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வலுக்குறைவு தெரிந்தால் மருத்துவரைக் காணத் தாமதிக்கலாகாது. சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அது அவசரநிலை. விடியும்வரைகூடக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அழுத்தத்தை உரிய நேரத்தில் நீக்காவிட்டால், இழந்த உணர்வு திரும்பாமலே போகக்கூடும்.