வீட்டிற்குள் இரட்டையாட்சி

வீட்டு வைஃபையைப்பற்றி ஒரு தினசரியின் தலையங்கப் பக்கத்தில் எழுதப் புகுவதைக் கண்டு நேயர்களிற் சிலர் புன்னகை புரியக்கூடும். தேசத்தின் முன்னே பெருங் காரியங்கள் காத்து நிற்க, மாடியறையில் ஒரு மணி ஒலிக்கவில்லை யென்பதற்காகவா இத்தனை பத்திகள் என்று அவர்கள் கேட்கலாம். அந்த மணி நமது அன்னையாரின் மணி. அவருக்கு வயது 76. பூஜையறை மாடியில் இருப்பதால் கீழே வந்து படுக்க அவர் இசையமாட்டார். இவ்விஷயத்தில் நமது வாதத் திறமை ஒருநாளும் பலித்ததில்லை. ஆகவே கட்டிலருகே ஒரு சிறு பொத்தானை வைத்து, அதை அழுத்தினால் கீழே நமது செல்போனிலும் நமது மனைவியாரின் செல்போனிலும் மணியடிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தோம். ஒரு நாள் விடியுமுன் அவருக்குத் தலைசுற்றல் கண்டது. மூன்று முறை பொத்தானை அழுத்தினார். ஒருவரும் வரவில்லை. தெய்வாதீனமாகத் தீங்கொன்றும் நேரவில்லை. பொழுது விடியும்வரை சுவரைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் நம்மைக் கடிந்துகொள்ளாததே நமக்குப் பெருந் தண்டனையாயிற்று.

பெட்டிகளை விற்ற வர்த்தகருக்குச் சொல்லியனுப்பினோம். வந்தார்; பார்த்தார்; "ஐயா, இன்னும் ஒரு பெட்டி வாங்கிப் போடுங்கள், எல்லாம் சரியாய்ப் போகும்" என்றார். வாங்கிப் போட்டோம். நிலைமை முன்னினும் கேடாயிற்று. அதன் பின்னரே, சட்டப் புத்தகங்களைப் படிப்பதுபோல இந்த விஷயத்தையும் அடிமுதல் படிக்கவேண்டு மென்ற புத்தி நமக்கு வந்தது. நம்மைப்போல் ஏமாந்த குடும்பங்கள் பல உண்டென்று நாம் அறிவதால், கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். தொழில் வாசனை விடாது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம் தந்தி சம்பந்தமான தனியுரிமை முழுவதையும் சர்க்காரின் கையில் வைத்தது. 1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டமோ, லைசென்ஸின்றி அத்தகைய கருவியொன்றை வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. இந்த நிலைமை வைஃபை விஷயத்தில் 2005-ஆம் வருஷத்தில் தளர்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை யென்று அவ்வருஷம் விதி பிறந்தது. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் கதவு விசாலமாகத் திறக்கப்பட்டது. பழைய இரண்டு சட்டங்களுக்கும் பதிலாக 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் 2005-ஆம் வருஷத்து விதி அளித்த சுதந்திரத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. நீ பிறருக்கு இடையூறு செய்யலாகாது. பிறர் உனக்கு விளைக்கும் இடையூற்றினின்று பாதுகாப்பும் கோரலாகாது. இந்த வெளி எவருக்கும் தனியுடைமை யன்று. அதாவது, அடுத்த வீட்டு ரௌட்டர் நமது ரௌட்டரின் குரலை அமுக்கினால் நாம் எந்தக் கோர்ட்டிலும் வாதியாக நிற்க முடியாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவன் கயிறும் குடமும் தன்னுடையதா யிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி மெஷ் என்பது யாது? ஒரே பெயரையும் ஒரே பாஸ்வேர்டையும் சூடிக்கொண்டு, வீட்டின் பல மூலைகளில் நின்று, ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி கடத்தும் பெட்டிகளின் கூட்டம். ஒரு பெட்டியினின்று மற்றொரு பெட்டிக்குக் கம்பியிட்டிருந்தால் நலம். கம்பியின்றி, கருவிகளோடு பேசும் அதே அலையிலேயே பெட்டிகளும் தம்முள் பேசிக்கொண்டால் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை சொல்ல வேண்டியதாகிறது. வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. இரண்டாவது பெட்டி மூன்றாவதற்கும் மூன்றாவது நான்காவதற்கும் சொல்லும்படி வரிசையாய் வைத்தாலோ, கேட்கவே வேண்டாம். நமது நான்காவது பெட்டி செய்த உபகாரம் இதுவே. மாடிக்கூடத்தில் அது பிரகாசமாக விளக்கெரித்து நின்றது. அன்னையாரின் பொத்தான் அந்த வெளிச்சத்தைக் கண்டு அதனிடமே ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பெட்டிக்கே கீழ்ப்பெட்டியின் குரல் சரியாகக் கேட்கவில்லை.

இங்கே பலரும் அறியாத சங்கதி ஒன்றுண்டு. எந்தப் பெட்டியோடு சேர்வது என்பதைத் தீர்மானிப்பது பெட்டி யன்று, கருவியே. பெட்டிகள் குறிப்புக் காட்டலாம், சமயத்தில் வெளியே தள்ளவும் செய்யலாம்; ஆயினும் இறுதி முடிவு கருவியுடையது. புதிய செல்போன்கள் நல்லது கண்டு மாறத் தெரிந்தவை. மலிவான பொத்தான்களும் விளக்குகளும் காமிராக்களும் அப்படியல்ல. முதலிற் பிடித்த கையை எளிதில் விடமாட்டா. ஆகவே பெட்டியைக் கூட்டுவதனால் மட்டும் கருவி நல்ல பெட்டியைத் தேடிப் போகும் என்று எண்ணுவது வீண்.

சுவர்களும் இதில் கட்சிக்காரர்களே. 1895-ல் ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் மின்னலைகளைச் சுவரின் ஊடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அந்தப் பெருமையை எண்ணி நாம் மகிழ்வதில் தவறில்லை. ஆனால் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் தளமும், தண்ணீர்த் தொட்டியும், பீரோக் கண்ணாடியும், குளிர்ப்பெட்டியும் வழியில் நிற்கும்போது அலை இளைத்துப் போகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ளது, ஆனால் சுவருக்கு அஞ்சும், 2.4 மெதுவானது, ஆனால் சற்றுத் தூரம் நடக்கும்.

வழக்கொன்று வந்தால் சாக்ஷிகளைத் தனித்தனியே விசாரிப்பதே முறை. கருவி சேரவில்லை யென்றவுடன் பெட்டிகளை யெல்லாம் அணைத்து அணைத்து ஏற்றுவது எல்லோரையும் ஒருமிக்கக் கூச்சலிட விடுவதற்கே ஒப்பாகும். முதலில் கம்பெனியின் பெட்டியிலேயே ஒரு கணினியைக் கம்பியால் இணைத்து இன்டர்நெட் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வரவில்லையேல் மெஷ்ஷின்மேல் குற்றமில்லை. வந்தால், தலைமைப் பெட்டியின் அருகே ஒரு செல்போனை வைத்துப் பார்க்கவேண்டும். பின்னர் மாடிப்பெட்டியின் அருகே. எல்லா இடத்திலும் செல்போன் பேச, ஒரு கருவி மட்டும் மௌனம் சாதித்தால், அந்தக் கருவியையே தலைமைப் பெட்டியின் பக்கத்திற்கு எடுத்து வந்து சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கே சேர்ந்து மாடியில் சேராவிட்டால் குற்றம் தூரத்தினுடையது. அங்கேயும் சேராவிட்டால் குற்றம் பாஷையினுடையது.

பாஷை என்று நாம் சொல்வது விளையாட்டன்று. நமது பொத்தான் வாங்கின முதல் நாளே சேர மறுத்தது. காரணம், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்றையே அறியும். பெட்டியோ இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரிட்டிருந்தது. செல்போன் 5-ல் நின்றுகொண்டு பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்தது. இவ்வகைக் கருவிகளிற் சில, செல்போன் வானில் அனுப்புவதை ஒட்டுக்கேட்டே பெயரையும் பாஸ்வேர்டையும் கற்கின்றன. செல்போன் வேறு அலையிற் பேசினால் அவற்றின் காதில் ஒன்றும் விழாது. சேர்க்கும் வேளையில் மட்டும் 5-ஐ அணைத்துவைத்தோம், சேர்ந்துகொண்டது. அந்த வசதி இல்லாத பெட்டியாயின், சிறு கருவிகளுக்கென்று 2.4-ல் தனிப் பெயரிட்டு ஒரு வலையைத் திறக்கலாம். காவல் முறையையும் கவனிக்கவேண்டும். 2018-ல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ. 3 முறையொன்றையே பெட்டி வற்புறுத்தினால், பழைய கருவிகள் வாசலிலேயே நின்றுவிடும்; அவற்றிற்கு டபிள்யூ.பி.ஏ. 2 வேண்டும். விருந்தினர் வலையில் கருவிகளைச் சேர்ப்பவர்கள் ஒன்றை மறவாதிருக்கக் கடவர்: அங்கே ஒருவரை யொருவர் காணாதபடி திரையிடுவது வழக்கம். கருவி இன்டர்நெட்டைக் காணும். பக்கத்திலுள்ள பிரிண்டரைக் காணாது.

பிரிண்டர் என்றதும் நமது தலைப்புக்கு வருகிறோம். கம்பெனி தந்த பெட்டியும் ஒரு ரௌட்டர். நாம் வாங்கின தலைமைப் பெட்டியும் ஒரு ரௌட்டர். இரண்டும் முகவரி வழங்கின. இரண்டும் வாசலில் காவல் நின்றன. பிரிண்டர் பழைய பெயரிலேயே கம்பெனிப் பெட்டியின்கீழ் இருந்தது. செல்போன்களும் கணினியும் புதிய ஆட்சியின்கீழ் வந்துவிட்டன. பிரிண்டரைத் தேடிச் செல்போன் கூவும் குரல் எல்லையைத் தாண்டுவதில்லை. ஆகவே அருகருகே இருந்தும் ஒன்றை யொன்று அறியவில்லை. 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்து 1937-ல் ஒழிந்த இரட்டையாட்சியை இது நமக்கு நினைவூட்டிற்று. கல்வி மந்திரியிடம் கல்வி இருந்தது. பணம் மற்றொரு பக்கத்தில் இருந்தது. குறை சொல்லப் போனவன் இரண்டு வாசல்களுக்கும் அலைந்தான். நமது வீட்டிலும் கம்பெனியைக் கேட்டால் மெஷ் என்றார்கள். வர்த்தகரைக் கேட்டால் கம்பெனி என்றார். பரிகாரம் எளிது. இரண்டில் ஒன்றே ஆளவேண்டும். கம்பெனிப் பெட்டியை வெறும் பாலமாக மாற்றும் முறை ஒன்றுண்டு. அதற்குக் கம்பெனி இசையாவிடின், மெஷ்ஷை ஆட்சி செய்யாது செய்தி மட்டும் கடத்தும் முறைக்கு மாற்றிவிடலாம். நாம் இரண்டாவது வழியைக் கையாண்டோம். கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்து, பிரிண்டரை மெஷ்ஷின் பெயரில் சேர்த்தோம். மாலைக்குள் அச்சிட்டது.

பொத்தான் இரவில் மட்டும் மௌனமானதற்குக் காரணம் காண நான்கு நாள் பிடித்தது. பெட்டிகள் தம் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கின்றன. அந்தக் குறிப்பை வாசிப்பவர் சிலரே. வாசித்தோம். ஒவ்வோர் இரவும் மூன்று மணியளவில் பெட்டிகள் தாமாகவே நல்ல சேனலைத் தேடி மாறின. செல்போன்கள் உடனே பின்தொடர்ந்தன. பொத்தானோ மாறிய இடத்தை அறியாமல், பொழுது புலர்ந்து நாம் மின்சாரத்தை அணைத்து ஏற்றும்வரை திகைத்து நின்றது. அன்னையார் அழுத்தியது நாலு மணிக்கு! இந்தத் தானியங்கிச் சீர்திருத்தத்தை நிறுத்தினோம். 2.4-ல் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. அவற்றுள் அயலார் குறைவாக நின்ற 11-ஐ நிலையாக வைத்தோம். வேகமாய்ப் பெட்டி மாறுவதற்கென்று உள்ள வசதியையும் சிறு கருவிகளின் வலையில் நீக்கினோம்; பழைய கருவிகளிற் சில அதில் இடறுகின்றன. நான்காவது பெட்டியைக் கழற்றிவிட்டு, மாடிப்படியின் ஓரமாக ஒரு கம்பியைக் கொண்டுபோய் மாடியிலிருந்த மூன்றாவது பெட்டியில் செருகினோம்.

ஆனால் இவற்றுள் ஒன்றையேனும் முதல் நாளில் நம்மாற் செய்ய முடியவில்லை யென்பதை நேயர்கள் கவனிக்கவேண்டுகிறோம். பெட்டிகளைப் பொருத்த வந்தவர் தமது செல்போன் நம்பரிலேயே கணக்கைத் திறந்திருந்தார். நமது வீட்டில், நமது பணத்தில் வாங்கிய யந்திரத்தின் சேனலை மாற்ற, அவருக்கு வரும் ஆறெழுத்து எண்ணை அவர் வாசித்துச் சொல்லவேண்டும். அவரோ வெளியூரில் இருந்தார். அவர் துரோகி யல்லர், அவசரக்காரர். எனினும் யார் யார் எந்த நேரத்தில் எந்தக் கருவியை உபயோகிக்கிறார்கள் என்பதைக் காணும் உரிமையும், வலையையே நிறுத்தும் அதிகாரமும், ஒரு குடும்பம் அறியாமலே வேறொருவர் சட்டைப்பையில் இருந்து வந்தன. பெட்டியின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் ஊசியால் சில விநாடி அழுத்தி, யாவற்றையும் அழித்து, நமது பெயரிலேயே புதிதாகத் தொடங்கினோம். ஒரு முன் மாலைப்பொழுது செலவாயிற்று.

அந்நியச் சரக்கை வாங்காதீர் என்று இவ்விஷயத்தில் நாம் உபதேசிக்கப் புகவில்லை. நமது மேஜைமேலுள்ளதே எங்கிருந்து வந்த தென்று நமக்குத் தெரியும். வாங்கிய பொருளின் ஆட்சியும் வாங்கியவனுக்கே வரவேண்டும் என்பதே நமது கக்ஷி. பொருத்துகிறவர் எழுந்து போகுமுன் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதைக் காட்டிவிட்டுப் போகட்டும். கம்பெனிகள் தங்கள் பெட்டியைப் பாலமாக்கும் வழியைக் கேட்பவர்க்கு மறுக்காதிருக்கட்டும். நம்மிடம் வந்த பெட்டியின் விளக்கப் புத்தகத்தில் பதினொரு பாஷைகள் இருந்தன, தமிழைக் காணோம். இங்கிலீஷ் படித்த நமக்கே அதை வாசித்து அறிய மூன்று இரவுகள் சென்றன. வயது முதிர்ந்த பெற்றோரைத் தனியே விட்டு, பிள்ளைகள் அயல்நாட்டில் வாழும் எத்தனையோ வீடுகளில், அந்தப் பொத்தானை நம்பிப் படுப்பவர்களுக்கு அதை யார் வாசித்துச் சொல்வார்?

இதை எழுதும்வரை பொத்தான் 41 இரவுகள் தவறாமல் விழித்திருக்கிறது. அன்னையார் தினமும் படுக்குமுன் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். நாமும் கீழேயிருந்து குரல் கொடுக்கிறோம். நான்காவது பெட்டி நமது அலமாரியில் இருக்கிறது. வர்த்தகர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.