மருத்துவர் நலம்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்தளிப்பவர் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுத்துரைக்கிறது. இந்நான்கனுள் எது நலிந்தாலும் மருத்துவம் குறைவுபடும். நோயாளியின் நலிவு கண்ணுக்குத் தெரியும். மருந்தின் குறையைச் சோதித்து அறியலாம். மருத்துவரின் நலிவோ பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. பிறருக்கு ஓய்வை வலியுறுத்தும் மருத்துவரே தம் களைப்பை மறைத்துப் பணியாற்றுவது வழக்கமாகிவிட்டது.

இத்தகைய நலிவை நேர்கொண்டு வென்றவர் மதுரையின் கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டு பிறந்த இவர், மகப்பேறு மருத்துவராக விரும்பினார். ஆனால், இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் இவரைத் தாக்கியது. 1948இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நெடுநாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் நிலையாகக் கோணிப்போயின. எழுதுகோலைப் பிடிப்பதும் அரிதாயிற்று.

அவர் தம் உடலின் எல்லையை மறுக்கவில்லை; அதனை ஏற்றுக்கொண்டு துறையை மாற்றிக்கொண்டார். கண் மருத்துவம் பயின்று, அறுவைக்கத்தியைப் பிடிக்கக் கோணிய விரல்களை மெல்ல மெல்லப் பழக்கினார். அந்தக் கைகளே பின்னர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தன. ஸ்ரீ அரவிந்தரின் நெறியில் நின்று அவர் மேற்கொண்ட தியானம், மனத்திற்கு ஊன்றுகோலாயிற்று.

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கு உருவான பணிமுறை கருதத்தக்கது. ஊர்ப்புறப் பெண்கள் பயிற்சி பெற்று, பார்வைச் சோதனை முதலிய பணிகளை ஏற்கின்றனர். ஒரு மேசையில் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பார். இதனால் மருத்துவர் தமக்கே உரிய பணியில் மட்டும் கருத்தூன்ற இயலுகிறது. சுமை பகிரப்படும்போது ஆற்றல் வீணாவதில்லை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தொழில்சார் நிலையாக வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியின்மீது வெறுப்பும் விலகலும் தோன்றுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். உலக மருத்துவக் கழகமோ 2017இல் திருத்திய ஜெனீவா உறுதிமொழியில், உயர்ந்த தரத்தில் சிகிச்சையளிக்கும் பொருட்டுத் தம் உடல்நலத்தையும் பேணுவதை மருத்துவரின் கடமையாகச் சேர்த்தது.

எனவே, தன்னைப் பேணுதல் தன்னலம் ஆகாது. உறக்கமின்றி உழைக்கும் மருத்துவரின் கவனம் சிதறினால், அதன் விளைவைத் தாங்குபவர் நோயாளியே. போதிய உறக்கம், வேளைக்கு உணவு, உடற்பயிற்சி, மனம்விட்டுப் பேசும் நட்பு ஆகியன மருத்துவர் தாமே பேண வேண்டியவை. எனினும், இடைவிடாத பணிநேரத்தைத் தனிமனித உறுதி ஒன்றினால் மட்டும் ஈடுகட்ட இயலாது. முறையான பணிநேரமும் போதிய பணியாளரும் அமைத்துத் தருவது நிறுவனங்களின் பொறுப்பு. நலிந்தபோது உதவி கேட்பது இழுக்கன்று என்னும் எண்ணம் மருத்துவக் கல்வியின் தொடக்கத்திலேயே வேரூன்ற வேண்டும்.