வராதவரைத் தேடும் பதிவேடு

ஞாயிறு ஆராதனைக்கு முந்நூறு பேர் கூடும் சபையில் புதிதாக வந்த முகம் எப்படியும் கண்ணில் படும். ஒரு மாதமாக வராதவரைத்தான் எவரும் கவனிப்பதில்லை. சபைகளுக்கான உறவு மேலாண்மை மென்பொருள் முக்கியமாக உதவுவது இந்த இடத்தில்தான்.

வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்க வணிக நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் சபை வடிவம் இது. அமெரிக்கச் சபைகளில் பிளானிங் சென்டர், ராக் ஆர்எம்எஸ் போன்றவை புழங்குகின்றன. எண்ணம் மட்டும் பழையது. 1614இல் வெளியான ரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஏடுகளோடு, வீடுவாரியாகப் பங்கு மக்களைக் குறிக்கும் ஏடு ஒன்றையும் பங்குத்தந்தை பேணும்படி சொன்னது.

மென்பொருளிலும் குடும்பமே அடிப்படை. பெற்றோர், பிள்ளைகள், அவர்கள் சேர்ந்திருக்கும் பாடகர் குழு, ஜெபக்குழு எல்லாம் ஒரே பதிவில் இணைகின்றன. வருகை குறைந்தால் மென்பொருள் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கும். புதியவர் தகவல் அட்டை நிரப்பினால், அவரைச் சந்திக்கும் வேலை இன்னார் பெயரில் பதிவாகும். சந்திக்கும்வரை நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் விட்டுவிடும் வழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

துக்க வீட்டுக்கு முதல் வாரம் ஊரே வரும். ஆண்டு நினைவு நாளில் கணவரை இழந்த தாய் தனியாக இருப்பார். மகன் வளைகுடாவில் இருந்தால் அந்தத் தனிமை இன்னும் கனக்கும். அந்தத் தேதியை மென்பொருள் மறக்காது. ஆனால் நினைவூட்டலைப் பார்த்தபின் எவராவது அவர் வீட்டுப் படியேற வேண்டும். தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் தெருவாரியாக இயங்கும் அன்பியங்கள் என்னும் சிறு குழுக்கள் இதற்கு ஏற்ற கைகள். எல்லோருக்கும் ஒரே பிறந்தநாள் குறுஞ்செய்தியைத் தானாக அனுப்புவதுதான் இம்மென்பொருளின் ஆகச் சோம்பலான பயன்பாடு.

வருகையோடு காணிக்கையையும் சேர்த்து ஒருவரின் ஈடுபாட்டை அளக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. கூலி கிடைக்காத வாரத்தில் காணிக்கை போடாதவரைச் சபையை விட்டு விலகுபவராகக் காட்டும் அளவுகோல் அது. இதில் எச்சரிக்கை தேவை.

அந்தரங்கம் அதைவிடப் பெரிய சிக்கல். ஜெப விண்ணப்பமாகச் சொல்லப்படும் நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாம் பதிவில் ஏறிவிட்டால் அலுவலக உதவியாளர்வரை படிக்கலாம். ஆலோசனைக் குறிப்புகளை ஆயர் மட்டும் பார்க்கும்படி பூட்டிவைக்கலாம். எழுதாமல் விடுவது இன்னும் நல்லது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை, சமய நம்பிக்கையைத் தனிப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஞாயிறு பள்ளிப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் சபைகள் அந்த ஒப்புதலைப் பெறும் வழியையும் சேர்க்கைப் படிவத்திலேயே அமைத்துக்கொள்ளலாம்.